விண்மீனுக்கு நட்ட கல்

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. போன மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அது வெறும் பயத்தால் கை மாறியிருக்க வேண்டியது. அந்தப் பயத்தைக் கிளப்பியவன் நான். நான் நிலத் தரகன் இல்லை, அரசு அதிகாரி இல்லை, ரௌடியும் இல்லை. என்னைப் பார்த்து அதுவரை பயந்த ஒரே உயிர் எங்கள் வீட்டுப் பல்லி, அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் செய்ததெல்லாம், வானத்தைப் படம் பிடிக்க மலிவாக ஒரு கேமரா தேடியதுதான்.

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஏதாவது ஒன்று வந்து சேரும். என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்தது, மீதிப் பேருக்குச் சாமியார் வந்தார். எனக்கு நட்சத்திரம் வந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து வானவியல் புத்தகமாகப் படித்துத் தள்ளியவன். கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் சொல்வேன். எங்கே இருக்கிறது, காட்டு என்றால் தலைக்கு மேலே பொதுவாகக் கையை வீசுவேன். ஓசூரில் அதற்கு மேல் முடியாது. இங்கே வானமும் நைட் ஷிப்டு பார்க்கிறது. தொழிற்சாலை விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் சேர்ந்து அதைப் பல தடவை துவைத்த காவி வேட்டியின் நிறத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே காவி கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

கேமரா வாங்கப் போகிறேன் என்று முடிவெடுத்ததும் முதல் பயம் தொற்றிக்கொண்டது: ஏமாந்துவிடுவோமோ என்கிற பயம். நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருப்பவன். ஒரு போல்ட் வாங்கவே மூன்று கம்பெனிகளில் விலை கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசியில் மேனேஜர் சொல்லும் நான்காவது கம்பெனியில் வாங்கிப் பழக்கப்பட்டவன். அந்த ஒழுங்கோடு இணையத்தில் நுழைந்தேன். பெரிய சென்சார் இல்லாத கேமரா கேமராவே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். சென்சாருக்கே குளிர்சாதன வசதி வேண்டும் என்றார் இன்னொருவர். என் படுக்கையறைக்கே அது இல்லை. கைபேசியே போதும் என்று மூன்றாமவர் சொல்ல, நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் சொன்ன கைபேசியின் விலைக்கு என் காரை விற்க வேண்டும், அப்போதும் முழுசாகத் தேறாது.

கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு கல்யாண ஸ்டூடியோவுக்குப் போனேன். அதன் முதலாளி புதுக் கேமரா வாங்கும்போதெல்லாம் பழசைக் கழித்துவிடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் தேவையைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வானத்தையா? யாரு சார் ஆர்டர் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. எனக்காகத்தான்."

"ஆல்பம் போடணுமா?"

"வேண்டாம்."

"பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல, ஆல்பமும் இல்ல. வூட்ல சண்டையா சார்?"

இரண்டு கேமராவை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, பழையது, செங்கல் கனம். எத்தனை தாலிகட்டைப் பார்த்தது என்று அதற்கே தெரியாது என்றார். இன்னொன்று சின்னது, அதைவிடப் புதியது. மாப்பிள்ளை அழைப்பில் யாரோ ஆடிய ஆட்டத்தில் கீழே விழுந்து ஒரு மூலை உடைந்து, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. வாய் அகலமான ஒரு லென்ஸும் உண்டு; வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுதான் நிறைய ஒளியை உள்ளே விடும். எதை எடுக்க என்று நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவரே வழி சொன்னார். "இந்த வாரம் பெருச எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் சிறுசு. புடிச்சத வெச்சிக்குங்க. கையில இருக்கும்போது ஒடஞ்சிச்சின்னா அதான் உங்களுக்குப் புடிச்சதுன்னு அர்த்தம்."

இந்த இடத்தில் என் தொழில் புத்தி தலையெடுத்தது. வேறொருவனாக இருந்தால் ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் இன்னொன்று, எங்காவது நின்று நாலு படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்திருப்பான். எனக்கு அது போதாது. இரண்டு பொருளை ஒப்பிட்டால் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் வைத்து ஒப்பிட வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகத்தை அளக்க வேண்டுமென்றால் முதலில் அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்று ஓர் அடையாளம் வைப்போம். அதில்லாமல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

முதலில் கேமராவை நிறுத்த முக்காலி. கடையில் விற்கிற மலிவு முக்காலிகள் காற்று வந்தால் தலையாட்டும். நட்சத்திரம் புள்ளியாக விழாமல் புழுவாக விழும். எங்கள் தொழிற்சாலையில் புதுக் கூடம் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரரிடம் நிலம் அளக்கும் முக்காலி ஒன்று சும்மா கிடந்தது. ஆரஞ்சு நிறம், மரக் கால்கள், நுனியில் இரும்புக் கூர். பூகம்பம் வந்தால்கூட அசையாது. கேட்டேன், கொடுத்தார். அதன் தலையிலிருக்கும் திருகின் மரை கேமராவுக்குப் பொருந்தாது. தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிற ஊரில் அது ஒரு பிரச்சினையா? டீ குடித்து முடிப்பதற்குள் பித்தளையில் ஓர் இணைப்பைக் கடைந்து கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது அடையாளம். முக்காலியின் மூன்று கால்களும் இரண்டு வாரமும் ஒரே இடத்தில் ஊன்ற வேண்டும். கிருஷ்ணகிரி போகிற வழியில் கிரானைட் அறுக்கிற பட்டறைகளின் வாசலில் வெட்டிப்போட்ட துண்டுகள் மலையாகக் கிடக்கும். அதில் சதுரமாக, முழங்கை நீளத்தில் மூன்று துண்டு பொறுக்கினேன். ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்டில் ஓர் அம்புக்குறி வரைந்தேன். துருவ நட்சத்திரம் இருக்கிற வடக்குத் திசையைக் காட்ட.

நாலு புறமும் செதுக்கிய கருங்கல். தலையில் அம்புக்குறி. நிலம் வைத்திருக்கிற எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதியிலேயே முகம் மாறிவிடும். சர்வே கல் அப்படித்தான் இருக்கும். எனக்கு நிலம் கிடையாது. அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். எனக்கு அது உறைக்கவே இல்லை.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு வேப்பனப்பள்ளி தாண்டிப் போனேன். ஆந்திரா பக்கம் போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சாலையிலிருந்து பிரிகிற ஒரு வண்டித் தடத்தில் இறங்கி, ஒரு மாந்தோப்பின் ஓரத்தில், வேலி இல்லாத திட்டு ஒன்றைப் பிடித்தேன். புறம்போக்கு என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். மாமரங்கள் பூத்திருந்தன. இருட்டில் அந்த வாசனை சுகமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். ஏதோ ஒன்று பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. நான் இருட்டுக்குப் பயந்தவன். நாய்க்குப் பயந்தவன். அந்தப் பக்கம் யானை வராது என்று கூகுளில் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்; யானை கூகுள் பார்க்குமா என்கிற யோசனை அங்கே போய் நின்ற பிறகுதான் வந்தது. அவசர அவசரமாக மூன்று கல்லையும் பாதி புதைத்து, அவற்றின் தலையில் முக்காலியின் கூர்க் கால்களை நிறுத்தி, பெரிய கேமராவில் மிருகசீரிடத்தையும் கார்த்திகையையும் எடுத்தேன்.

படம் மோசமில்லை. ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சிவப்பு நட்சத்திரம் அதில் இருந்தது. கொஞ்ச நேரம், பொய் சொல்வானேன், ஒரு புது நட்சத்திரத்துக்கு என் பேர் வைப்பார்களா என்று நினைத்தேன். கேமராவை வேறு பக்கம் திருப்பி எடுத்தேன். அந்த நட்சத்திரமும் கூடவே வந்தது. சென்சாரில் கெட்டுப்போன புள்ளி. அப்புறம் ஒரு நாய் குரைத்தது, நான் கிளம்பிவிட்டேன். கற்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில்தானே வைக்க வேண்டும். என் ஒழுங்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மறு சனிக்கிழமை கம்பெனியில் ஆடிட். சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே கிளம்பினேன். இன் பண்ணிய சட்டை, கறுப்பு ஷூ, கழுத்தில் நாடாவோடு அடையாள அட்டை. கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அங்கே போய் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. கற்களைத் தேடினேன். மூன்றின்மேலும் முள் வெட்டிப் போட்டு மூடியிருந்தது. ஆடு முட்டிச் சாய்த்துவிடக் கூடாதென்று யாரோ நல்ல மனசுக்காரர் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். மனிதர்கள்மேல் அந்த நிமிஷம் எனக்கிருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முள்ளை விலக்கி முக்காலியை நிறுத்தினேன். சின்னக் கேமராவை மாட்டினேன். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பதற்காக நெற்றியில் சிவப்பு விளக்கு. முதல் படத்துக்கு ஷட்டர் திறந்து மூடியது. திரையைப் பார்த்தேன். கார்த்திகைக் கூட்டம் ஒரு கைப்பிடி உப்பைச் சிந்தியதுபோல விழுந்திருந்தது. பொய் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. டேப் ஒட்டிய கேமராதான் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஈயனே!"

தெலுங்கு எனக்கு அரைகுறை. இந்த ஆள்தான் என்று அர்த்தம். அதற்கு மேல் அகராதி தேவைப்படவில்லை. ஐந்தாறு பேர் தோப்புக்குள்ளிருந்து வந்தார்கள். ஒருவன் கைபேசி விளக்கை என் முகத்தில் அடித்தான். இன்னொருவர் கையில் மண்வெட்டி இருந்தது. விவசாயி கையில் மண்வெட்டி இருப்பது இயல்பு என்று மூளை சொன்னது. கால் அதைக் கேட்காமல் காரின் பக்கம் திரும்பியது.

மண்வெட்டிக்காரர்தான் தோப்புக்குச் சொந்தக்காரர். என் வயதுதான் இருக்கும். கத்திய பெண் அவர் மனைவி. விளக்கடித்த வெள்ளைச் சட்டைக்காரன் தரகன். மற்றவர்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, காருக்குப் போகிற வழியில் மூன்று பேர் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான்.

"என்னாத்துக்கு சார் கல்லு நட்டீங்க?" என்றாள் அந்த அம்மாள். "ஒரு நோட்டீசு இல்ல, ஒரு தகவல் இல்ல. யாரும் இல்லாத நேரத்துல வந்து நட்டுட்டுப் போனா ஆச்சா? ஒரு வாரமா இந்த மனுசன் சோறு திங்கல."

"அம்மா, நான் அளக்க வரலம்மா. நட்சத்திரத்தப் படம் எடுக்கேன்."

எடுக்கேன். வயிற்றில் பயம் ஏறினால் எனக்கு வாயில் திருநெல்வேலி ஏறிவிடும். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதை மாற்ற முடியவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெக்கத்திப் பேச்சு," என்றார் ஒருவர். "ஆபீசருங்க எல்லாம் அங்கிருந்துதான் வராங்க."

தரகன் முன்னால் வந்தான். அவன் ஒருவன்தான் என்னிடம் மரியாதையாகப் பேசினான். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. "சாரக் கஷ்டப்படுத்தாதீங்க. சார் பெரிய ஆபீசர். கழுத்துல கார்டு பாருங்க. அவங்க சொல்ல மாட்டாங்க, சொல்லக் கூடாதுன்னு மேல ஆர்டர் இருக்கும். அளக்கற மிசினு வந்துடுச்சி, கல்லு வந்துடுச்சி. அடுத்தது பேப்பர்ல வரும். அதுக்குள்ளாற முடிச்சிக்கணும்னுதான் நான் தலதலயா அடிச்சிக்கறேன்."

அந்தப் பேச்சிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது; மீதி பிறகு தெரிந்தது. மனை போடுவதற்காக அந்தத் தோப்பை அவன் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இவர்கள் அசையவில்லை. போன வாரம் மூன்று கல் முளைத்தது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள், சர்க்கார் கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டியதுதான், அதற்கு முன் என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று அவன் சொல்ல, அவர்களும் தலையாட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் அட்வான்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

அந்தப் பக்கத்தில் யாருக்கும் இது கற்பனைப் பயம் இல்லை. போச்சம்பள்ளிப் பக்கமும் ஓசூர்ப் பக்கமும் நேற்று கேழ்வரகு விளைந்த இடத்தில் இன்று கம்பெனி பஸ் திரும்புகிறது. அந்த பஸ்ஸில் போகிறவன் நான். நான் உட்காருகிற நாற்காலிக்கு அடியில் யாருடைய நிலம் இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த நல்ல சிந்தனையெல்லாம் பிற்பாடு வந்தது. அப்போது நான் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். "இங்க பாருங்க, இதுல பாருங்க," என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். தோப்புக்காரர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்தார். நான் கேமராவைப் பிடித்திருந்த அதே இறுக்கத்தோடு அவர் மண்வெட்டியைப் பிடித்திருந்தார். நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"ஆறுமீனு," என்றார் மெதுவாக.

"ஆமாய்யா! கார்த்திகை! அதேதான்!" எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

தரகனும் எட்டிப் பார்த்தான். படத்தின் குறுக்கே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. "இது என்ன சார் கோடு?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். விமானம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புத்தகம் படித்தவனை யாராவது கேள்வி கேட்டுவிட்டால் உயிர் போனாலும் சரியான பதிலைச் சொல்லித் தொலைப்பான்.

"அது சேட்டிலைட்டு," என்றேன்.

தரகன் நிமிர்ந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "கேட்டுக்குங்க. சேட்டிலைட்டு. கோடு எங்க ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னு பாத்துக்குங்க. இப்பெல்லாம் சங்கிலி புடிச்சி அளக்கறதில்ல. மேல இருந்தே கோடு போட்டுடறாங்க."

கூட்டம் ஓரடி நெருங்கியது. யாரோ முக்காலியின் காலைப் பிடித்தார். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க நடுகற்கள் இருக்கின்றன. மாடு மீட்டுச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன். கேமரா தேர்ந்தெடுக்கப் போய்ச் செத்தவனுக்கு இவர்கள் தனியாகக் கல் வெட்ட வேண்டியதில்லை, அவனே மூன்று கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறான் என்று ஒரு நினைப்பு ஓடியது. பயத்தின் உச்சியில் எனக்கு இப்படித்தான் ஏதாவது தோன்றும். சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று பல்லைக் கடித்தேன். அதைப் பார்த்து, ஆபீசருக்குக் கோபம் வருகிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அப்போது என் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து. எடுக்கவா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் தோப்புக்கார அம்மாள் அதை என் சட்டைப் பையிலிருந்து உருவி, "யாரு?" என்றாள்.

"நீங்க யாரு? அவர் எங்க?" என் மனைவியின் குரல் அந்த அமைதியில் ஒலிபெருக்கி தேவைப்படாமலே எல்லோருக்கும் கேட்டது.

"இங்கதான் கீறாரு. உங்க வூட்டுக்காரருக்கு என்னா வேலம்மா?"

"ஏன், என்ன செஞ்சாரு? யார் மேலயாவது காரக் கொண்டு இடிச்சிட்டாரா?"

"அதெல்லாம் இல்ல. சர்வே ஆபீசுல வேலையா?"

"சர்வேயா? அவருக்கு வீட்டு அலமாரிக்கு அளவு எடுக்கவே தெரியாதும்மா. தப்பா அளந்து, கதவு மூட மாட்டேங்கு, ரெண்டு வருசமா அப்படியே நிக்கி. கம்பெனியில நட்டு போல்ட்டு வாங்குத வேலை. வானத்தப் படம் எடுக்கேன்னு பைத்தியம் பிடிச்சு அலையுதாரு. அமாவாசை கிட்ட வர்ற நேரமாப் பாத்து எவன் வீட்டுத் தோட்டத்திலயாவது போய் நிக்கீங்களே, அடிச்சுப் போட்டாக் கேக்க ஆள் உண்டான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டாத்தானே. அவர் சாப்பிட்டாராம்மா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அடையாள அட்டையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் சாப்பிடல," என்றாள் போனில்.

"சீக்கிரம் அனுப்பி வைம்மா. பால் வாங்கிட்டு வரச் சொல்லு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். தரகன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், அதெல்லாம் பேசி வைத்துக்கொண்டு செய்வது என்று. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இரு. அவங்க பொண்டாட்டி திட்டறது நெஜம். அத வேசம் போட முடியாது." பிறகு என்னிடம் திரும்பினாள். "சர்க்கார் கல்லப் புடுங்கினா கேசு ஆவும். அதுக்குப் பயந்துதான் முள்ளு வெட்டிப் போட்டு மூடி வெச்சோம். ஆடு தள்ளினாக்கூட எங்க மேலதான் பழி வரும். இது சர்க்கார் கல்லு இல்லன்னா நீயே புடுங்கு சார்."

"வேணாம் சார், உங்க வேல போயிடும்," என்றான் தரகன், எனக்காக உருகி.

முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன். முதல் கல்லை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முழுசாகப் புதைக்கத் தெரியாமல் நட்டது, உடனே வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் ஷூ வழுக்கி, கல்லோடு உட்கார்ந்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். ஆபீசரைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உடம்பெல்லாம் மண்ணாக எழுந்து மூன்றையும் கார் டிக்கியில் போட்டுவிட்டு, கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

தோப்புக்காரர் அதுவரை ஆறுமீன் என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. இப்போது தரகனிடம், "நாளைக்கு வராத," என்றார். அவன் கோபமாக வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். போகும்போது, "நெசமா அளக்க வருவாங்க, அப்ப எங்கிட்டதான் வருவீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தை அங்கேயே நின்றது.

"அவன் சொன்னது நடந்திச்சின்னா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். "உன்ன நம்பி வேணாம்னு சொல்லிட்டோம். அப்புறம் எவனாச்சும் ஜீப்புல வந்து எறங்கினா நான் உன்ன எங்க போய்த் தேடறது?"

நான் வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியும். சர்க்கார் வராது என்று யார் சொல்ல முடியும்? கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நம்பர் மாத்திக்குவ என்றாள். அவள் பார்வை என் கையிலிருந்த கேமராவுக்குப் போனது.

"அது இங்க இருக்கட்டும். மாங்கா அறுத்து முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தனும் வரலன்னா வந்து வாங்கிக்க."

"அம்மா, இது என்னோடது இல்ல. ஸ்டூடியோக்காரரோடது. பாக்கறதுக்குத்தான் குடுத்தாரு."

"அப்ப நீ கண்டிப்பா வருவ," என்றாள்.

கொடுத்தேன். கொடுக்காமல் காருக்குப் போயிருக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. கொடுப்பதுதான் நியாயம் என்றும் தோன்றியது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "தண்ணி படக் கூடாதும்மா," என்றேன். "பச்சப்புள்ள மாரி பாத்துக்கறோம்," என்றார் தோப்புக்காரர்.

இப்படியாக, எந்தக் கேமரா என்கிற கேள்வி தீர்ந்தது. திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்குப் போய் டேப் ஒட்டியதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "நல்லா விழுந்திச்சா சார் படம்?" என்றார். நன்றாகவே விழுந்தது என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். எங்கே அது, லென்ஸ் துடைத்துத் தருகிறேன் என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். யார் வீட்டில் என்று அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. தினமும் காலையில் செய்தித்தாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தை முதலில் புரட்ட ஆரம்பித்தேன். நிலம் எடுப்பு என்று எங்காவது இருந்தால் கையிலிருக்கிற காப்பி ஆறிவிடும். ஊர்ப்பெயரைப் படித்து, வேறு தாலுகா என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். வேறு தாலுகாவிலும் யாராவது ஒரு வாரம் சோறு தின்னாமல் இருப்பார் என்பது அடுத்த மூச்சில் நினைவுக்கு வரும். கம்பெனியில் விரிவாக்கத்துக்கு இடம் பார்க்கிறார்கள் என்று கேன்டீனில் யாரோ சொன்னபோது எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று நான் கேட்ட வேகத்தைப் பார்த்து, இவர் அங்கே மனை வாங்கிப் போட்டிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனியில் தொழிற்சாலை வாயிலில் எனக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. என் அடையாள அட்டையில் இருந்த பேரை ஞாபகம் வைத்து, வேப்பனப்பள்ளியிலிருந்து வருகிற கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வைக்கோல் போட்டு அடுக்கிய மாம்பழம். வைக்கோலை முழுக்கக் கிளறிப் பார்த்தேன். மாம்பழம் மட்டும்தான் இருந்தது.

"அறுப்பு முடிஞ்சுட்டுல்லா, போய் வாங்கிட்டு வர வேண்டியதுதானே," என்று மனைவி மாம்பழத்தைச் சீவிக்கொண்டே கேட்டாள். தோப்பு விலைபோகவில்லை, யாரும் அளக்க வரவில்லை, சொன்ன கெடு முடிந்துவிட்டது, போகலாம்தான். ஒரு நாள் பாதி வழி போகவும் செய்தேன். பிறகு காரைத் திருப்பிவிட்டேன். நான் போய்க் கேமராவைக் கேட்டால், ஏன் இப்போது வந்து கேட்கிறான், இவனுக்கு ஏதாவது தகவல் தெரிந்துவிட்டதோ என்று தோப்புக்காரர் மறுபடியும் சோற்றைத் தள்ளி வைத்துவிடுவார். அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தால், பயம் விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் கூப்பிடவில்லை.